வண்டி வழியில் நிற்கக் கூடாது!
டி.வி.சுந்தரம் ஐயங்காரின் வாழ்க்கை

பழைய மோட்டார் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஜவ்வாது மலை ஒரு பரீட்சை. வாணியம்பாடியில் பெங்களூர் சாலையை விட்டுப் பிரிந்து, ஆலங்காயம், காவலூர் வழியாக ஜமுனாமரத்தூருக்கு ஏறி, அப்பால் போளூர்ப் பக்கம் இறங்க வேண்டும். ஏற்றத்தில் ரேடியேட்டர் தண்ணீர் கொதிக்கும். இறக்கத்தில் பிரேக் டிரம் சூடேறிப் பிடிப்புத் தளரும். நடுவில் வண்டி நின்றுவிட்டால், சுற்றிலும் காடுதான்.

ஆகவே, அறுபது எழுபது வயதான வண்டியில் நெடுந்தூரம் போகிறவர்கள், புறப்படும் நாளுக்கு வெகு முன்பே வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். ரேடியேட்டரை அலசுகிறார்கள். வெடித்த ரப்பர்க் குழாய்களை மாற்றுகிறார்கள். விசிறி பெல்ட்டை இழுத்துப் பார்க்கிறார்கள். கார்புரேட்டரைக் கழற்றித் துடைக்கிறார்கள். பிரேக்குக்குப் புது லைனிங் போடுகிறார்கள். ஸ்டெப்னி டயரில் காற்று இருக்கிறதா என்று பார்த்து, மாற்று டியூபும் பெல்ட்டும் எடுத்து வைத்த பிறகே சாவியைத் திருப்புகிறார்கள்.

இவ்வளவும் செய்ய முடிகிறதென்றால், உதிரிபாகம் விற்க ஒரு கடை இருக்கிறது. பூட்டிக் கொடுக்க ஒரு பட்டறை இருக்கிறது என்று பொருள். நூறு ஆண்டுகளுக்கு முன்பு தென்னாட்டில் இந்த வசதி இல்லை. அதை உண்டாக்கியவர்களில் முன்வரிசையில் நிற்பவர், டி.வி.எஸ். என்ற மூன்று எழுத்துக்களால் இன்றும் எல்லோரும் அறிந்த டி.வி.சுந்தரம் ஐயங்கார்.

முதல் நெடும்பயணம்

துணைக்கு ஆள் இல்லாத சாலையில் மோட்டார் ஓட்டுவது எப்படி இருக்கும்? அதற்கு ஜெர்மனியில் நடந்த ஒரு சம்பவம் சாட்சி. 1888-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பெர்தா பென்ஸ் என்ற பெண்மணி, தம் கணவர் கார்ல் பென்ஸ் உருவாக்கிய மூன்று சக்கர மோட்டார் வண்டியில், இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு, பிறந்த வீட்டுக்குப் புறப்பட்டார். மான்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம்.

வழியில் எரிபொருள் தீர்ந்தது. மருந்துக் கடையில், கறை போக்க விற்கும் திராவகத்தை வாங்கி ஊற்றினார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியில் செருகும் ஊசியால் குத்தி எடுத்தார். சங்கிலியைக் கொல்லர் சரி செய்தார். தேய்ந்த பிரேக் கட்டைக்குச் செருப்புத் தைப்பவரிடம் தோல் வாங்கி அடித்தார். மேட்டில் வண்டி ஏறாதபோது மக்கள் இறங்கித் தள்ளினார்கள். உலகின் முதல் நெடுந்தூர மோட்டார் பயணம் அப்படித்தான் நடந்தது.

ஒருவர் ஒரு முறை இப்படிப் போய்விடலாம். தினந்தோறும், குறித்த நேரத்தில், கூலி கொடுத்த பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு இப்படிப் போக முடியாது. சுந்தரம் ஐயங்கார் எதிர்கொண்டது இந்தச் சிக்கலைத்தான்.

உத்தியோகத்தை விட்டவர்

திருநெல்வேலிச் சீமையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் நம்பி கோயில் கொண்ட திருக்குறுங்குடியில், 1877-ஆம் ஆண்டு மார்ச் 22-ஆம் தேதி சுந்தரம் பிறந்தார். சட்டம் படித்து வக்கீலாக இருந்தார். பிறகு ரயில்வேயில் வேலை பார்த்தார். அதன் பின் பாங்கியில் பணியாற்றினார். நிலையான சம்பளம், சமூகத்தில் மதிப்பு எல்லாம் இருந்தன.

அந்தக் காலத்துக் குடும்பங்களில் உத்தியோகம் என்பது பெரும் பேறு. வியாபாரம், அதிலும் கையில் எண்ணெயும் கரியும் படும் வியாபாரம், படித்தவர்கள் நாடும் தொழிலாக இருக்கவில்லை. ஐயங்கார் அதைத் தேடிப் போனார். 1911-இல், முப்பத்து நான்கு வயதில், டி.வி.சுந்தரம் ஐயங்கார் அண்டு சன்ஸ் என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கினார். 1912-இல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே அவருடைய பஸ் ஓடியது.

சென்னையில் சிம்சன் கம்பெனியின் சாமுவேல் ஜான் கிரீன் 1903-இல் நீராவி மோட்டார் வண்டி ஒன்றைச் செய்து காட்டியிருந்தார். என்றாலும், மோட்டார் அன்று துரைமார்களுக்கும் ஜமீன்தார்களுக்கும் உரிய ஆடம்பரம். சந்தைக்குப் போகும் குடியானவரும், கச்சேரிக்குப் போகும் கட்சிக்காரரும் கால்நடையாகவோ மாட்டு வண்டியிலோதான் போய் வந்தார்கள். தஞ்சைக்கும் புதுக்கோட்டைக்கும் இடையில் சுமார் அறுபது கிலோமீட்டர். மாட்டு வண்டிக்கு ஓர் இரவும் போதாது. மோட்டார் பஸ் அந்தத் தூரத்தைச் சில மணி நேரமாகச் சுருக்கியது; ஆனால் ஒரு நிபந்தனை: வழியில் நிற்காமல் போக வேண்டும்!

லாட ஆணி என்னும் எதிரி

சாலை மாட்டு வண்டிகளின் சாலை. மாடுகளின் குளம்பிலிருந்து கழன்ற லாட ஆணிகள் புழுதியில் புதைந்து கிடக்கும். மோட்டார் டயருக்கு அதைவிடப் பெரிய எதிரி இல்லை. ஒரு பஞ்சர் என்றால் பிரயாணிகள் எல்லோரும் இறங்கி மர நிழலில் நிற்க வேண்டும். சக்கரத்தைக் கழற்றி, டியூபை ஒட்டி, கையால் காற்றடித்து முடிப்பதற்குள் பொழுது போய்விடும். வக்கீலைப் பார்க்கப் போனவர் வழக்கைத் தவற விடுவார். நோயாளியை ஏற்றி வந்தவர் பாடு இன்னும் மோசம்.

இதற்கு டி.வி.எஸ். கண்ட வழி, தென்னாட்டு மோட்டார் வரலாற்றைச் சொல்கிறவர்கள் மறக்காமல் குறிப்பிடும் ஒன்று. காந்தம் பொருத்திய வண்டி ஒன்றைச் சாலையில் ஓடவிட்டார்கள். கிடந்த ஆணிகளையெல்லாம் அது இழுத்துக்கொண்டது. பின்னால் வரும் பஸ்களுக்குப் பாதை சுத்தமாயிற்று. அதே சாலையில் போன மற்றவர்களின் வண்டிகளும் அதனால் பயன் பெற்றன.

இந்த ஒரு காரியத்தில் அவருடைய போக்கு முழுவதும் அடங்கியிருக்கிறது. பஞ்சர் ஆன பிறகு விரைவாக ஒட்டுவது சாமர்த்தியம். பஞ்சரே ஆகாமல் பார்த்துக்கொள்வது முன்யோசனை. அவர் முன்யோசனையின் பக்கம் நின்றார்.

மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு தொழில் வளர்ந்தது. பஸ்களும் லாரிகளும் பெருகின. அவற்றைப் பழுது பார்க்கப் பட்டறைகள் வந்தன. ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளை விற்கும் உரிமை கிடைத்தது. உதிரிபாக வியாபாரமும் விரிந்தது. டி.வி.எஸ். பஸ் வருவதைப் பார்த்து ஜனங்கள் மணி தெரிந்துகொண்டார்கள் என்று மதுரைப் பக்கத்துப் பெரியவர்கள் பெருமையாகச் சொல்வது வழக்கம். பஸ் நேரத்துக்கு வருவது டிரைவர் கையில் மட்டும் இல்லை. முதல் நாள் இரவு பட்டறையில் விழித்திருந்தவர்கள் கையிலும் இருக்கிறது.

கரியில் ஓடிய பஸ்

இரண்டாம் உலக யுத்தம் பெரிய சோதனையைக் கொண்டுவந்தது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்தது. மலேயா ரப்பரும் பர்மா எண்ணெயும் கைவிட்டுப் போயின. பெட்ரோல் பங்கீட்டுக்கு வந்தது. புது வண்டிகளின் இறக்குமதி அருகிப் போய், ஓடித் தேய்ந்த வண்டிகளையே மேலும் ஓட்டியாக வேண்டிய நிலை.

அப்போது டி.வி.எஸ். தயாரித்த கரிவாயுச் சாதனம் கைகொடுத்தது. பஸ்ஸோடு இணைத்த உயரமான உலையில் அடுப்புக் கரியைப் போட்டு, காற்றைக் குறைவாக விட்டு எரிப்பார்கள். காற்றுப் போதாமல் எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்ஸைடு என்ற எரியக்கூடிய வாயு கிளம்பும். அதைக் குளிரவைத்து, சாம்பலும் தூசும் போக வடிகட்டி, எஞ்சினுக்குள் அனுப்பினால் பெட்ரோலுக்குப் பதில் அதுவே வெடித்து எஞ்சினை ஓட்டும்.

சொல்வது எளிது. உலை சூடேறும் வரை வண்டி கிளம்பாது. பெட்ரோலில் கிடைக்கும் சக்தி இதில் கிடைக்காது. மேட்டில் பஸ் முக்கி முனகும். வடிகட்டி சரியில்லையானால் சாம்பல் உள்ளே போய் எஞ்சினைத் தேய்த்துவிடும். வாயுவோ நிறமும் மணமும் இல்லாத விஷம். மூடிய கொட்டகையில் கசிந்தால் உயிருக்கே ஆபத்து. இத்தனைக்கும் ஈடு கொடுத்துக் கரி பஸ்கள் ஓடின. கரிக்குக் கப்பல் வர வேண்டியதில்லை, உள்ளூரிலேயே கிடைத்தது. தேய்ந்த டயர்களுக்குப் புது ரப்பர் ஏற்றும் தொழிலிலும் டி.வி.எஸ். இறங்கியது. பஸ் நின்று போயிருந்தால் தபாலும் சந்தையும் ஆஸ்பத்திரியும் எட்டாத் தூரத்துக்குப் போயிருக்கும்.

வீட்டிலும் ஒரு சோதனை

தொழிலில் துணிந்தவருக்கு வீட்டிலும் துணிவு தேவைப்பட்டது. மகள் சௌந்தரத்துக்கு அக்கால வழக்கப்படி இளம் வயதிலேயே கல்யாணம் நடந்தது. டாக்டரான கணவர் அகாலமாக இறந்து போனார். விதவைப் பெண் வீட்டின் ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடக்க வேண்டும் என்று ஊர் எதிர்பார்த்த காலம் அது. சௌந்தரம் டில்லிக்குப் போய் லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் படித்து டாக்டரானார். 1940-இல் ஜி.ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். 1947-இல் கணவரும் மனைவியுமாகத் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை உருவாக்கினார்கள்.

அவருக்குப் பின்

1955-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் தேதி சுந்தரம் ஐயங்கார் காலமானார். அதன் பிறகு, 1960-களில், அவருடைய மகன்கள் வேறொரு அடி எடுத்து வைத்தார்கள். வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் ஆகிய தொழிற்சாலைகள் எழுந்தன. சக்கரமும், பிரேக்கும், மோட்டாரின் மின்சார பாகங்களும் இங்கேயே தயாராயின. கப்பலில் வரும் என்று மாதக்கணக்கில் காத்துக் கிடந்த பாகங்களை, இனி பக்கத்து ஊர்க் கடையில் கேட்டு வாங்கலாம் என்ற நிலை வந்தது.

பஸ்கள் மட்டும் குடும்பத்தின் கையில் நிலைக்கவில்லை. தமிழ்நாட்டில் பஸ் போக்குவரத்து அரசுடைமையானபோது, மதுரையில் 1972-இல் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உருவாயிற்று. டி.வி.எஸ். பஸ்கள் அதில் சேர்ந்தன. அறுபது ஆண்டுப் பஸ் தொழில் அத்துடன் முடிந்தது. பட்டறையில் பழகிய கைகளும், நேரம் தவறாத பழக்கமும் புதிய கழகத்துக்கு முதலாக அமைந்தன.

மோட்டாரின் பெருமையை வேகத்தில் காண்பவர்கள் அநேகர். சுந்தரம் ஐயங்கார் அதை வேறிடத்தில் கண்டார். காலையில் புறப்பட்டவர் சொன்ன நேரத்தில் போய்ச் சேர வேண்டும். அதற்கான வேலை, வண்டி கிளம்புமுன்பே கொட்டகையில் முடிந்திருக்க வேண்டும். சாலையில் ஆணி பொறுக்கும் வேலையைக்கூடச் சிறியதென்று நினைக்காதவருக்கே இது கைகூடும்.