வெந்நீர்க் குமிழியும் விஞ்ஞானி போஸும்

வங்கத்தின் வீர்பூம் மாவட்டத்தில் பக்ரேஸ்வர் என்றொரு சிவத்தலம் உண்டு. அங்குள்ள வெந்நீர்க் குண்டங்களில் குமிழிகள் ஓயாமல் எழுந்துகொண்டிருக்கும். நீராட வந்தோர் கைகூப்பிச் சென்றனர். குமிழிக்குள் இருப்பது என்ன வாயு என்று கேட்டவர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் சத்தியேந்திரநாத் போஸ்.

1894 ஜனவரி 1ஆம் நாள், இன்று கொல்கத்தா என வழங்கும் கல்கத்தாவில் பிறந்தார். தந்தையார் ரயில்வேயில் பணியாற்றியவர். பிரசிடென்சி கல்லூரியில் மேகநாத சாகா இவருடன் பயின்றார். ஜகதீச சந்திர போஸும் பிரபுல்ல சந்திர ராயும் ஆசிரியர்கள். அத்தகைய வகுப்பு நம் நாட்டில் மீண்டும் அமைந்ததா என்பது ஐயமே! 1924இல், டாக்காப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, ஒளித்துகள்களைக் கணக்கிடும் புதுமுறை பற்றிய கட்டுரையை ஐன்ஸ்டீனுக்கு அனுப்பியதும், அவரே அதை ஜெர்மன் மொழியில் பெயர்த்து வெளியிடச் செய்ததும் நாடறிந்த செய்தி. விரிக்க வேண்டுவதில்லை.

அதன்பின் பாரிஸ் சென்றார். கியூரி அம்மையாரிடம் கதிரியக்கம் பயில விழைந்தார். முதலில் பிரெஞ்சு மொழியைக் கற்றுக்கொள்ளுமாறு அம்மையார் அறிவுரை கூறினார். போஸுக்கோ பிரெஞ்சு முன்பே தெரியும்! கூச்சத்தால் அதை அன்று சொல்லாமலே திரும்பிவிட்டார். நேர்முகத் தேர்வில் நாவெழாது நிற்கும் நம் நண்பர்கள் ஆறுதல் கொள்ளலாம்.

1945இல் கல்கத்தாவுக்குத் திரும்பினார். 1950களில் அவருடைய தூண்டுதலால் சியாமாதாஸ் சாட்டர்ஜி பக்ரேஸ்வர் வாயுவை ஆராய்ந்தார். கிடைத்தது ஹீலியம்!

குளத்துச் சேற்றில் இலையும் தழையும் மட்கினால் மீத்தேன் எழும். அது உயிர்ப்பொருளின் சிதைவு. பாறைக்குள் யுரேனியமும் தோரியமும் சிதைவது வேறு வகை. அப்போது வெளிப்படும் ஆல்ஃபா துகள் இரண்டு எலெக்ட்ரான்களைப் பற்றிக்கொண்டால் அதுவே ஹீலியம் அணு. அதே குலத்தில் ரேடியம் சிதைந்து ரேடான் வாயுவைத் தரும். அதில் பாதி 3.8 நாளில் மறைந்துபோகும். ஹீலியம் அப்படி அழிவதில்லை. நெடுங்காலம் பாறையில் தங்கி, வெடிப்புகள் வழியே வெந்நீரோடு மேலேறும். பக்ரேஸ்வர் வாயுவில் பெரும்பகுதி நைட்ரஜன். ஹீலியம் ஏறத்தாழ 1.4 சதவீதம்தான். இது மிகச் சிறிதன்றோ என்பீர்கள். நாம் மூச்சுவிடும் காற்றில் இருப்பதோ பத்து லட்சத்தில் சுமார் 5 பங்கே!

கடுங்குளிர் ஆராய்ச்சிக்கு இவ்வாயு இன்றியமையாதது. நம் நாடோ அதைக் கடல் கடந்து வாங்க வேண்டியிருந்தது. இதில் மற்றொரு வியப்பும் உண்டு. திரவ ஹீலியம் தனி வெப்பநிலை 2.17 கெல்வினுக்குக் கீழே உராய்வின்றி ஓடும். அந்த விந்தைக்கு 1938இல் ஃபிரிட்ஸ் லண்டன் விளக்கம் தேடியது போஸின் கணக்கு முறையிலேதான்.

தாய்மொழியில் விஞ்ஞானம் கற்பிக்க முடியும் என்று போஸ் உறுதியாக நம்பினார். 1948இல் வங்கீய விஞ்ஞான பரிஷத்தை நிறுவி, வங்க மொழியில் விஞ்ஞான இதழும் நடத்தினார். தமிழில் இயலுமா என்று இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கும் நமக்கு இச்செய்தி சற்று உறுத்தவே செய்கிறது.

1974 பிப்ரவரி 4ஆம் நாள் கல்கத்தாவில் மறைந்தார். பின்னர் பக்ரேஸ்வரில் ஹீலியம் பிரிக்கும் பணியை மேற்கொண்ட கல்கத்தா நிறுவனங்களுள் ஒன்று, அவருடைய பழைய வகுப்புத் தோழர் சாகாவின் பெயரைத் தாங்கியது.