பித்தநீருக்கு வழி கண்டவர்

கசாய் என்ற பெயரை முதன்முதல் கேட்டபோது, அது ஏதோ ஒரு கஷாயத்தின் பெயர் என்றே எண்ணினேன். திருச்சானூரில், தாயார் கோயில் பத்மசரோவரத்திற்கு அருகே, என் தமக்கையின் வீட்டிலிருந்துதான் நாள்தோறும் பல்கலைக்கழகத்திற்கு வந்துகொண்டிருந்தேன். அக்காளின் கைக்குழந்தைக்குக் கண்ணும் மேனியும் மஞ்சளித்திருந்தன. மலம் மட்டும் வெளுத்து, சாம்பல் கலந்த மாவைப் போலிருந்தது. பிறந்த குழந்தைக்கு மஞ்சள் வந்து போவது இயல்புதான் என்றனர் பெரியவர்கள். இளவெயிலில் காட்டினோம்; கீழாநெல்லி அரைத்துப் புகட்டினோம். 55-ஆம் நாள் சென்னையில் ஒரு மருத்துவர் பார்த்தார். கசாய் செய்தாக வேண்டும், இனி ஒரு நாளும் தாழ்த்தலாகாது என்றார்.

கசாய் என்பது கஷாயமன்று; ஜப்பானிய அறுவை மருத்துவர் ஒருவரின் பெயர்.

மோரியோ கசாய் 1922-இல் அவோமோரியில் பிறந்தார். செந்தாய் நகரிலுள்ள தொஹோக்கு பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று, பின்னர் அங்கேயே பேராசிரியராகவும் விளங்கினார்.

கல்லீரலில் ஊறும் பித்தநீர் நாளங்களின் வழியே குடலில் இறங்க வேண்டும். மலத்திற்கு நிறம் தருவது அதுவே. சில சிசுக்களுக்கு அந்நாளங்கள் அடைபட்டுத் தழும்பாய்ப் போகின்றன. தேங்கிய பித்தநீர் கல்லீரலையே அழிக்கிறது. அந்நாளில் வயிற்றைத் திறந்து பார்ப்பார்கள். திறந்த நாளம் அகப்பட்டால் குடலோடு இணைப்பார்கள். பெரும்பாலும் அகப்படாது; மூடித் தைத்துத் தாயின் கையில் கொடுத்துவிடுவார்கள். அதற்குப்பின் அந்தத் தாய் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

1955-இல் 72 நாள் சிசு ஒன்றுக்குக் கசாய் அறுவை செய்தார். நாளத்தைத் தேடும்போது கல்லீரல் வாயிலில் குருதி பெருகிற்று. அதை நிறுத்துவதற்காக முன்சிறுகுடலை அவ்விடத்தின்மேல் வைத்துப் பொருத்தினார். பின்னர் மலத்தில் பித்த நிறம் தோன்றியது! குழந்தை பிழைக்கவில்லை. ஆனால் இறந்தபின் ஆராய்ந்தபோது, கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தநீர் தானே ஒரு வழி செய்துகொண்டிருந்தது தெரிந்தது. தற்செயல் என்று ஒதுக்கிவிட அவருக்கு மனம் வரவில்லை. தழும்பை வெட்டியெடுத்து, அங்குள்ள நுண்ணிய நாளங்களின்மேல் சிறுகுடலை இணைக்கும் முறையை வகுத்து, 1959-இல் ஜப்பானிய மொழியில் வெளியிட்டார். 1968-இல் ஆங்கிலத்தில் எழுதிய பின்னரும் மேல்நாட்டார் பலர் ஐயுற்றனர். கண்ணுக்குப் புலப்படாத குழாயில் நீர் ஓடும் என்றால் யார்தான் எளிதில் நம்புவார்?

அவர் மலையேறுவதிலும் வல்லவர். 2008-இல் மறைந்தார்.

அறுவையோடு நோய் ஓய்ந்துவிடுவதில்லை. குடலிலுள்ள கிருமிகள் மேலேறி நாளங்களைத் தாக்கும். அதற்கு ஆன்டிபயாட்டிக் வேண்டும். கொழுப்பில் கரையும் ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் பித்தநீர் குறைந்தால் உடலில் சேரா. அவற்றைத் தனியே கொடுக்கிறார்கள். பித்தநீரின் ஓட்டத்தைப் பெருக்க உர்சோடியாக்சிகோலிக் அமிலம் தருகிறார்கள். கரடியின் பித்தத்தில் கண்டறியப்பட்ட பொருள் அது. ஸ்டீராய்டு பற்றித்தான் வழக்கு. அமெரிக்காவில் 140 சிசுக்களைக் கொண்டு நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வில், அதனால் உறுதியான பயன் இருப்பதாகத் தெரியவில்லை. ஆயினும் சில இடங்களில் கொடுக்கத்தான் செய்கிறார்கள்.

பித்தநீர் ஓடாத குழந்தைக்கு மாற்றுக் கல்லீரலே கதி. 1998 நவம்பரில், டில்லியில், இந்நோயுற்ற காஞ்சிபுரத்துக் குழந்தை ஒன்றுக்குத் தந்தையின் கல்லீரலில் ஒரு பகுதியைப் பொருத்திக் காப்பாற்றினார்கள். இந்தியாவில் குழந்தைக்கு வெற்றியாக நடந்த முதல் கல்லீரல் மாற்று அதுவே.

இரண்டு மாதத்திற்குள் அறுவை செய்தால் பித்தநீர் ஓடும் வாய்ப்பு மிகுதி. அதனால்தான் தைவானில் 2004 முதல் மலத்தின் நிறத்தைக் காட்டும் வண்ண அட்டையைத் தாய்மார் அனைவருக்கும் கொடுக்கிறார்கள். ஓர் அட்டைக்கு என்ன விலை ஆகிவிடும்? எங்கள் வீட்டில் அது இருந்திருந்தால், கீழாநெல்லிக்குச் செலவிட்ட நாட்கள் மிஞ்சியிருக்கும்.

எங்கள் குழந்தைக்கு 58-ஆம் நாள் அறுவை நடந்தது. அதற்கு ஆறாம் நாள் விடியற்காலையில் சென்னையிலிருந்து அக்காள் தொலைபேசியில் அழைத்தாள். அழுகையினூடே அவள் சொன்னது ஒன்றே ஒன்று: துணி பச்சையும் மஞ்சளுமாக நனைந்திருக்கிறதாம். இப்போது அவனுக்கு மூன்று வயது. சிறிது காய்ச்சல் கண்டாலும் அத்தான் சென்னைக்குப் பேருந்து ஏறிவிடுகிறார்.