சுற்றிலும் பனி, குடிக்கத் தண்ணீர் இல்லை... அடுப்பை மாற்றி சாதித்த நான்சென்! யார் இவர்?

நீண்ட தூர ட்ரெக்கிங் கிளம்புகிறவர்களை ரொம்பவே யோசிக்க வைக்கும் கேள்வி, எந்த அடுப்பு, எவ்வளவு எரிபொருள் என்பதுதான். 130 வருஷத்துக்கு முன்னாடியே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர் நார்வேயைச் சேர்ந்த ஃபிரிட்ஜாஃப் நான்சென்.

யார் இந்த நான்சென்?

1861-ல் இன்றைய ஓஸ்லோ அருகே பிறந்தவர். விலங்கியல் படித்து, நரம்பு மண்டல ஆய்வுக்காக 1888-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். அதே வருஷம் ஐந்து பேருடன் பனிச்சறுக்குப் பலகைகளில் கிரீன்லாந்தைக் குறுக்கே கடந்தார். அதைச் செய்த முதல் குழு இதுதான்.

அங்கே என்ன சிக்கல்?

தாகம்! கையில் இருந்தது ஸ்பிரிட் அடுப்பு. பனியை உருக்குவது சாதாரண வேலை இல்லை. உருகிய தண்ணீரை 80 டிகிரி வரை சூடாக்க எவ்வளவு வெப்பம் வேணுமோ, அவ்வளவு உருக்குவதற்கே போய்விடும். ஸ்பிரிட்டை மிச்சம் பிடிக்க, பனியைக் குடுவையில் அடைத்து, உடம்புச் சூட்டில் உருக்கிக் குடித்தார்கள்.

அடுத்த முறை என்ன மாற்றினார்?

1893-ல் 'ஃப்ராம்' கப்பலில் வட துருவத்தை நோக்கிக் கிளம்பினார். 1895 மார்ச்சில் கப்பலை விட்டு இறங்கி, யால்மார் யோஹான்சென் என்பவருடன் நாய் வண்டிகளில் புறப்பட்டார். இந்த முறை கையில் இருந்தது ப்ரைமஸ். நம்ம வீடுகளில் இருந்த மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ்வோட மூத்த அண்ணன்! ஒரே எடையில் ஸ்பிரிட்டைவிட மண்ணெண்ணெய் சுமார் ஒன்றரை மடங்கு வெப்பம் தரும்.

பாத்திரத்தையும் மாற்றினார். நடுவில் சமைக்கும் பாத்திரம், அதைச் சுற்றி வளையமாக ஒன்று, மேலே ஒன்று. வீணாகப் போகும் சூடு இவற்றில் பனியை உருக்கிவிடும். இதுதான் 'நான்சென் குக்கர்'.

துருவத்தைத் தொட்டாரா?

இல்லை. ஆனால் 86 டிகிரி 14 நிமிடம் வடக்கு வரை போனார். அதுவரை யாரும் அவ்வளவு தூரம் போனதில்லை. திரும்பும் வழியில் ஃபிரான்ஸ் ஜோசப் லேண்ட் தீவில், கல்லடுக்கிய குடிசையில் குளிர்காலம் முழுக்க முடங்க வேண்டியதாயிற்று. அப்போது அடுப்புக்கும் விளக்குக்கும் எரிந்தது விலங்குக் கொழுப்பு. இருவரும் உயிரோடு ஊர் திரும்பியது 1896-ல்.

அப்புறம்?

1911-ல் தென் துருவத்தைத் தொட்ட அமுண்ட்சென் குழுவும் இதே பாணி குக்கரைத்தான் கொண்டுபோனது. அவர் எண்ணெய் டின்களை ஈயம் வைத்து அடைத்தார். போட்டியாளர் ஸ்காட்டின் டின்களில் எண்ணெய் குறைந்திருந்தது, திரும்பும் வழியில் அவர் குழுவுக்குப் பேரிடியானது.

நான்சென் பிறகு நாடற்ற அகதிகளுக்கு 'நான்சென் பாஸ்போர்ட்' வாங்கித் தந்தார். 1922-ல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார். 1930-ல் காலமானார்.

இன்றைக்கு மலையேறுகிறவர்களுக்கும் கணக்கு அதேதான். அடுப்பு எத்தனை கிராம் என்று மட்டும் பார்த்தால் போதாது. எரிபொருள், பாத்திரம், போகும் நாட்கள், பனியை உருக்க வேண்டுமா என்பது எல்லாம் சேர்ந்ததுதான் உண்மையான எடை.