கதிர்களோடு வாழ்ந்த மேரி கியூரி

மேரி கியூரி 1867ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் போலந்து நாட்டின் வார்சா நகரில் பிறந்தார். அப்போது அந்நகரம் ரஷ்யப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. அங்கே பெண்கள் பல்கலைக்கழகத்தில் சேர முடியாது. ஆகவே, மேரி செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் கற்பித்தார். அந்த வருமானத்தைக் கொண்டு, தம் அக்காள் பாரிசில் மருத்துவம் பயில உதவினார். 1891இல் தாமும் பாரிசுக்குச் சென்று சோர்போன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1895இல் அறிவியலாளர் பியேர் கியூரியை மணந்தார்.

கணவனும் மனைவியும் 1898இல் பொலோனியம், ரேடியம் என்னும் இரு தனிமங்களைக் கண்டறிந்தனர். ரேடியத்தைப் பிரித்தெடுக்க, மழைக்கு ஒழுகும் கொட்டகை ஒன்றில் மேரி பல டன் கனிமத்தைக் காய்ச்சினார். 1902இல் அவருக்குக் கிடைத்தது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு ரேடிய உப்புதான். இருளில் ஒளிர்ந்த அதைக் காண, இருவரும் இரவிலும் கொட்டகைக்குச் செல்வர். 1903இல் அவர்களுக்கு இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. 1906இல் பியேர் சாலை விபத்தில் இறந்தார். மேரி மனந்தளராமல் ஆய்வைத் தொடர்ந்து, 1911இல் வேதியியலுக்கான நோபல் பரிசையும் பெற்றார்.

அந்த அழகிய ஒளிக்குப் பின்னே ஆபத்தும் இருந்தது. ஒருமுறை பியேர் தம் கையில் ரேடியத்தைச் சில மணி நேரம் கட்டி வைத்துச் சோதித்தார். அதனால் ஏற்பட்ட புண் ஐம்பது நாள் கடந்தும் முழுமையாக ஆறவில்லை. தோலில் ஏற்பட்ட புண் கண்ணுக்குத் தெரிந்தது. எலும்புக்குள் நிகழ்ந்த பாதிப்போ யாருக்கும் தெரியவில்லை.

நம் எலும்புகளின் உள்ளே எலும்பு மஜ்ஜை என்னும் மென்மையான திசு உள்ளது. இரத்த அணுக்கள் அங்கேதான் உருவாகின்றன. ஒரு சிவப்பணு ஏறத்தாழ 120 நாள்களே வாழும். எனவே, மஜ்ஜையிலுள்ள குருத்தணுக்கள் ஓயாமல் புதிய அணுக்களை உருவாக்குகின்றன. விரைந்து பெருகும் அணுக்களைக் கதிர்வீச்சு எளிதில் தாக்கும். பாதிப்பு சிறிதாக இருந்தால், எஞ்சிய குருத்தணுக்கள் பெருகிச் சில வாரங்களில் இழப்பை ஈடுசெய்துவிடும். பாதிப்பு மீண்டும் மீண்டும் தொடர்ந்தால், ஊற்று வற்றுவதுபோல் இரத்த உற்பத்தியும் குறைந்துவிடும்.

முதல் உலகப் போரின்போது, மேரி எக்ஸ்ரே கருவி பொருத்திய வண்டிகளை உருவாக்கிப் போர்முனைக்குக் கொண்டு சென்றார். அவர் மகள் ஐரீனும் உடன் பணியாற்றினார். காயமுற்ற வீரர்களின் உடலில் புதைந்திருந்த குண்டுகளைக் கண்டறிய அவை உதவின. ஆயினும், அங்கேயும் மேரியின் உடலில் கதிர்கள் பாய்ந்தன.

பின்னர், தம் ஆய்வுக்கூட மாணவர்கள் ரேடியத்தை இடுக்கியால் எடுக்க வேண்டும், ஈயத் தடுப்பைப் பயன்படுத்த வேண்டும் என்று மேரி கண்டிப்புடன் கூறினார். அங்கே இரத்தப் பரிசோதனையும் கட்டாயமாக இருந்தது. ஆனால், தம் விஷயத்தில் அந்தக் கண்டிப்பை அவர் காட்டவில்லை. 1934ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் கடும் இரத்தச்சோகையால் மறைந்தார். அவருடைய எலும்பு மஜ்ஜை செயலிழந்துவிட்டதாக மருத்துவர் குறித்தார்.

மேரியின் மறைவுக்குப் பின், மஜ்ஜையை மீட்கும் வழியை மற்ற அறிவியலாளர்கள் தேடினர். கதிர்வீச்சால் பாதிக்கப்பட்ட சுண்டெலிகளுக்கு நலமான மஜ்ஜையைச் செலுத்தினால் அவை பிழைக்கும் என்பது 1951இல் தெரியவந்தது. இந்த அறிவே பின்னாளில் மனிதர்களுக்கான மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்கு வழிகாட்டியது. இன்று பல புற்றுநோயாளிகள் இச்சிகிச்சையால் உயிர் பிழைக்கின்றனர்.

மேரியின் ஆய்வுக் குறிப்பேடுகள் இன்றும் பாரிசில் ஈயப் பெட்டிகளில் பாதுகாக்கப்படுகின்றன. அவற்றில் கதிரியக்கம் இன்னும் நீங்கவில்லை. அறிவைத் தேடும் துணிவோடு, தன்னைக் காக்கும் கவனமும் வேண்டும் என்பதை அவை நமக்கு நினைவூட்டுகின்றன.