பதினேழு மணி நேரமும் பத்தொன்பதரை நாளும்

லண்டனிலிருந்து ஆஸ்திரேலியாவின் டார்வின் எவ்வளவு தூரம்னு போனில் தேடிப் பாருங்க. மிகக் குறுகிய வான்வழியில் சுமார் 13,800 கிலோமீட்டர்னு வரும். கொரோனா காலத்தில் ஒரு பயணிகள் விமானம் இதை நடுவில் எங்கேயும் இறங்காமல் சுமார் 17 மணி நேரத்தில் கடந்தது. ஆனா 1930-ல் இதே பயணத்தை ஒரு பெண் தனியாகச் செய்தார். அவருக்கு ஆனது பத்தொன்பதரை நாள்!

அவர் பெயர் ஏமி ஜான்சன். 1903-ல் இங்கிலாந்தின் ஹல் நகரில், ஒரு மீன் வியாபாரியின் மகளாகப் பிறந்தார். படிச்சது பொருளாதாரம். வேலை பார்த்தது லண்டனில் ஒரு வக்கீல் அலுவலகத்தில். படிப்பு ஒண்ணு, வேலை ஒண்ணுன்னு நாம இன்னைக்குப் புலம்புற அதே கதைதான். ஓய்வு நேரத்தில் விமானம் ஓட்டப் பழகினார். கூடவே ஹேங்கரில் மெக்கானிக்குகளோடு சேர்ந்து, கையில் கிரீஸ் படிய இன்ஜின் வேலையும் கற்றார். 1929-ல் தரைப் பொறியாளர் உரிமம் வாங்கினார். பிரிட்டனில் அதை வாங்கிய முதல் பெண் அவர்தான்.

1930 மே 5, குரோய்டன் விமான நிலையம். பழைய ஜிப்சி மோத் விமானம், திறந்த காக்பிட், ரேடியோ கிடையாது. அதுவரை அவர் பறந்த அதிகபட்ச தூரமே லண்டனிலிருந்து ஹல் வரைதான். 1928-ல் பெர்ட் ஹிங்க்லர் சுமார் பதினைந்தரை நாளில் போய்ச் சேர்ந்திருந்தார். அதை முறியடிக்கணும், அதுதான் ஆசை.

ஒரே மூச்சில் போகப் பெட்ரோல் பத்தாது. வியன்னா, பாக்தாத், கராச்சின்னு இறங்கி இறங்கித்தான் போகணும். அதனால் பாதை சுமார் 18,000 கிலோமீட்டராக நீண்டது. ஆறே நாளில் கராச்சி! ஹிங்க்லரை விட இரண்டு நாள் முன்னாடி.

அப்புறம் பர்மா. நல்ல மழை. ரங்கூன் பக்கத்தில் இன்செய்னில், ஒரு தொழில்நுட்பக் கல்லூரி மைதானத்தில் இறங்கியபோது விமானம் பள்ளத்தில் மோதிச் சேதமானது. நம்மள மாதிரி ஒரு காலேஜ் ஆட்களே கூட நின்று பழுது பார்த்தாங்க. நாட்கள் போச்சு, சாதனையும் போச்சு. ஆனால் மே 24-ல் ஏமி டார்வினில் இறங்கினார். இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறந்த முதல் பெண் ஆனார்.

1941 ஜனவரி 5, போர்க்காலம். பிளாக்பூலிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்திலுள்ள தளத்துக்கு ஒரு விமானத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை. இரண்டு மணி நேரம்கூட ஆகாத தூரம். மோசமான வானிலையில் பாதை விலகி, தேம்ஸ் முகத்துவாரத்தில் விழுந்தார். உடல் கிடைக்கவே இல்லை. வயது 37.

டிக்கெட்டில் தூரமும் நேரமும் இரண்டு எண்கள்தான். நடுவில் எது உடையும்னு அதில் போட்டிருக்காது. உடைஞ்சா சரிசெய்யத் தெரியணும்னுதான் ஏமி முதலில் ஹேங்கருக்குப் போனார். நாலு நாள் லேட்தான். ஆனா போய்ச் சேர்ந்தார். அரியர் வச்சிருக்கிற நண்பர்களே, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.