சசெக்ஸ் அணியின் ரஞ்சி

பெங்களூருவின் ஆஸ்டின் டவுனில் மட்டையும் பந்துமாய் விளையாடும் சிறுவர்கள் ரஞ்சிக் கோப்பை என்னும் பெயரைக் கேட்டிருப்பர். அது ரஞ்சித்சிங்ஜி என்னும் மட்டையாளரின் பெயரால் அமைந்தது.

அவர் 1872ஆம் ஆண்டு கத்தியவாரில் உள்ள சரோதர் என்னும் சிற்றூரில் பிறந்தார். நவாநகர் மன்னர் அவரைத் தம் வாரிசாகத் தேர்ந்து, பின்னர் அம்முடிவைக் கைவிட்டார். அரியணை கைநழுவிய அவ்விளைஞர் 1888இல் கல்வி பயில இங்கிலாந்து சென்றார்.

கேம்பிரிட்ஜில் பயிலும்போது, விரைந்து வரும் பந்தைக் கண்டால் அவருடைய வலக்கால் பின்வாங்கும். பயிற்றுநர் டேன் ஹேவர்டு அக்காலைத் தரையோடு கட்டிவைத்துப் பழக்கினார் என்பர். விலக வழியில்லாத ரஞ்சி, மணிக்கட்டைத் திருப்பிப் பந்தைக் கால்புறமாக மெல்லத் திசைமாற்றக் கற்றார். 'லெக் கிளான்ஸ்' எனப்படும் அவ்வடி பின்னாளில் அவர் பெயரோடு ஒன்றியது. எனினும் பல்கலைக்கழக அணியில் 1893 வரை அவருக்கு நிலையான இடம் கிட்டவில்லை.

இங்கிலாந்தின் மாவட்டங்களைக் 'கவுண்டி' என்பர். அக்காலத்தில் ஒரு கவுண்டிக் கழகத்திற்காக ஆட விரும்புவோர் அங்கே பிறந்திருக்க வேண்டியிருந்தது. அன்றேல் ஈராண்டுகள் குடியிருந்திருக்க வேண்டியிருந்தது. தென்கடற்கரையில் உள்ள சசெக்ஸில் ரஞ்சி பிறக்கவில்லை. குடியிருந்து அவ்வுரிமையைப் பெற்றார். 1895இல் லார்ட்ஸ் திடலில் சசெக்ஸுக்காக ஆடிய முதல் ஆட்டத்திலேயே ஆட்டமிழக்காமல் 77, அடுத்த இன்னிங்ஸில் 150 ஓட்டங்கள் எடுத்தார்.

மறு ஆண்டு ஆஸ்திரேலிய அணி வந்தது. அக்காலத்தில் டெஸ்ட் ஆட்டம் எத்திடலில் நடைபெறுமோ, அத்திடலின் கழகமே வீரர்களைத் தேர்ந்தெடுக்கும். அயல்நாட்டில் பிறந்தவரை இங்கிலாந்து அணியில் சேர்ப்பதா என்னும் கேள்வி எழுந்தது. லார்ட்ஸ் ஆட்டத்தில் ரஞ்சிக்கு இடமில்லை. மான்செஸ்டரில் இருந்த கழகமோ அவரை அழைத்தது. ஆஸ்திரேலியருக்கு மறுப்பில்லை எனில் ஆடுவதாக ரஞ்சி தெரிவித்தார். அவர்களும் மகிழ்ந்து இசைந்தனர். முதல் இன்னிங்ஸில் 62. இரண்டாவதில் ஆட்டமிழக்காமல் 154. இங்கிலாந்து தோற்றது; ஆயினும் அந்தக் கேள்வியைப் பிறகு எழுப்புவது கடினமாயிற்று. அதே கோடையில் ஹோவ் திடலில், யார்க்ஷயருக்கு எதிராக ஒரே நாளில் இரு சதங்கள் அடித்தார்.

1899 முதல் 1903 வரை சசெக்ஸ் அணிக்குத் தலைமை தாங்கினார். 1899இல் 3159 ஓட்டங்கள் குவித்தார்; ஒரே பருவத்தில் மூவாயிரத்தைக் கடந்தவர் அவருக்கு முன் எவருமில்லை.

1907இல், முன்பு இழந்த நவாநகர் அரியணை அவரை வந்தடைந்தது. 1915இல் வேட்டையின்போது வலக்கண்ணை இழந்தார். 48 வயதை நெருங்கிய நிலையிலும் ஒற்றைக் கண்ணுடன் சசெக்ஸுக்காக மீண்டும் சில ஆட்டங்கள் ஆடிப் பார்த்தார், ஓட்டங்கள் வரவில்லை. அவருடைய சகோதரர் மகன் துலீப்சிங்ஜியும் சசெக்ஸுக்கும் இங்கிலாந்துக்குமே ஆடினார். தாய்நாட்டுக் கிரிக்கெட்டுக்கு ரஞ்சி செய்தது மிகக் குறைவு என்று குறைகூறுவோர் உண்டு. அதை எளிதில் மறுக்க இயலாது.

அவர் 1933இல் மறைந்தார். மறு ஆண்டு நவம்பர் 4ஆம் நாள், அவர் பெயரால் அமைந்த கோப்பையின் முதல் ஆட்டம் சென்னைச் சேப்பாக்கத்தில் தொடங்கியது. மோதியவை சென்னை அணியும், இன்றைய கர்நாடக அணியின் முன்னோடியான மைசூர் அணியும். எம். ஜே. கோபாலன் முதற்பந்தை வீசினார். ஏ. ஜி. ராம்சிங் 11 விக்கெட்டுகள் வீழ்த்தினார். மைசூர் 48, 59 ஓட்டங்களில் சுருண்டது. சென்னை ஒரே இன்னிங்ஸில் எடுத்த 130 ஓட்டங்களே வெற்றிக்குப் போதுமாயின. ஆட்டம் அன்றே முடிந்துவிட்டது.