கிட்டார் வாசிக்கத் தெரியாது... ஆனா உலகமே வாசிக்கும் கிட்டாருக்கு உருவம் கொடுத்தவர்! யார் இந்த லியோ ஃபெண்டர்?

ஜவளகிரி, தளி பக்கம் திருவிழா மேடையில் இன்னிசைக் கச்சேரி நடந்தால், கிட்டாரிஸ்ட் கையில் இருப்பதைக் கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. மேலே ரெண்டு கொம்பு, நடுவில் ஒடுங்கிய இடுப்பு, பின்பக்கம் வயிற்றுக்கு இதமாக ஒரு சரிவு. எந்த கம்பெனி கிட்டாராக இருந்தாலும் உருவம் பெரும்பாலும் இதுதான். இந்த உருவத்துக்குப் பின்னால் இருப்பவர் ஒரு ரேடியோ மெக்கானிக். கடைசி வரை அவருக்கு கிட்டார் வாசிக்கவே தெரியாது!

ஆரஞ்சு தோட்டத்துப் பையன்

லியோ ஃபெண்டர் 1909 ஆகஸ்ட் 10-ம் தேதி அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் பிறந்தவர். அப்பா, அம்மா ஆரஞ்சு தோட்டம் வைத்திருந்தார்கள். 8 வயதில் கட்டி வந்து இடது கண் போனது. அதற்குப் பதில் கண்ணாடிக் கண். படித்தது கணக்கியல். பொருளாதார மந்தத்தில் வேலை போக, 600 டாலர் கடன் வாங்கி 1938-ல் ஃபுல்லர்டன் ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை போட்டார். பாட்டுக் கலைஞர்கள் ஆம்ப்ளிஃபையரைத் தூக்கிக்கொண்டு வர, அங்கே ஆரம்பித்ததுதான் எல்லாம்.

குடம் எதற்கு?

வீணைக்குப் பலா மரத்தில் குடம் குடைவது எதற்காக? சத்தம் அதற்குள் அதிர்ந்து வர வேண்டும். சாதா கிட்டாருக்கும் அதே கதைதான். ஆனால் எலெக்ட்ரிக் கிட்டாரில் கம்பியின் அதிர்வை அதன் கீழே இருக்கும் காந்தச் சுருள் பிடித்துக்கொள்கிறது. அதனால் குடம் தேவையில்லை, கெட்டியான பலகையே போதும். மாண்டலின் ஸ்ரீனிவாஸ் கையில் இருந்ததும் இப்படிக் குடமில்லாத எலெக்ட்ரிக் மாண்டலின்தான்.

குடம் போனால் உருவத்தை எப்படி வேண்டுமானாலும் வெட்டலாம். இதை முதலில் யோசித்தவர் ஃபெண்டர் இல்லை. ஆனால் தொழிற்சாலையில் வரிசையாகச் செய்து, விற்றுக் காட்டியவர் அவர்தான். 1950-ல் வந்து, பிறகு டெலிகாஸ்டர் என்று பெயர் மாறிய அந்த கிட்டார் வெறும் தட்டைப் பலகை. கழுத்தை ஒட்டவில்லை, நாலு ஸ்க்ரூவில் மாட்டினார். பழுதானால் கழற்றி வேறு மாட்டலாம். ஓசூர் கம்பெனிகளில் ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கு இந்தக் கணக்கு சட்டென்று புரியும்.

கொம்பு வந்த கதை

1951-ல் பேஸ் கிட்டார் செய்தார். அதுவரை பேஸ் என்றால் ஆள் உயரத்துக்கு நிற்கும் பெரிய வாத்தியம். ஃபெண்டரின் பேஸைத் தோளில் மாட்டிக்கொள்ளலாம். ஆனால் கழுத்து நீளம், விட்டால் தலைப்பக்கம் கீழே சாயும். அதற்காக மேல் கொம்பை நீட்டி, பட்டையை அதன் நுனியில் மாட்ட வைத்தார். எடை சமமானது. இன்று ஸ்டைல் என்று பார்க்கிறோமே, அந்தக் கொம்பு வந்தது பேலன்ஸுக்காக!

அடுத்து ஒரு புகார். டெலிகாஸ்டரின் விளிம்பு விலா எலும்பில் குத்துகிறது என்றார்கள் கலைஞர்கள். வாசிக்கத் தெரியாதவர் என்பதாலோ என்னவோ, வாசிப்பவர்கள் சொன்னதை ஃபெண்டர் காது கொடுத்துக் கேட்டார். வயிறு படும் இடத்தையும் முழங்கை படும் இடத்தையும் செதுக்கிச் சரித்தார்கள். கூட வேலை பார்த்த ஃப்ரெடி தவாரெஸ் உருவத்தை வரைந்தார். 1954-ல் பிறந்தது ஸ்ட்ராடோகாஸ்டர். பிறகு அமெரிக்க கார்களுக்கு அடிக்கும் பெயின்ட்டையே அடித்து விற்றார்கள். கண்ணுக்கும் பிடித்துப்போனது.

வித்தியாசமாக இருந்தால் மட்டும் போதுமா? 1958-ல் கிப்சன் கம்பெனி 'வி' எழுத்து மாதிரி ஒரு கிட்டார் விட்டது. பார்க்க மிரட்டல், உட்கார்ந்து வாசித்தால் தொடையில் நிற்காது. அப்போது அது விற்கவே இல்லை. பல வருஷம் கழித்துதான் ராக் மேடைகளில் அதற்கு மவுசு வந்தது.

பெயரும் போனது

தீராத சைனஸ் தொற்று. இனி அதிக நாள் இல்லை என்று நினைத்த ஃபெண்டர், 1965 ஜனவரியில் கம்பெனியை சிபிஎஸ் நிறுவனத்துக்கு 1.3 கோடி டாலருக்கு விற்றுவிட்டார். கொடுமை என்னவென்றால், பிறகு வேறு டாக்டரிடம் போனதில் நோய் குணமாகிவிட்டது! உடம்பு தேறியவருக்கு கம்பெனி இல்லை. தன் சொந்தப் பெயரையே கிட்டாரில் போட முடியாது.

சும்மா உட்காரவில்லை. மியூசிக் மேன் கம்பெனியில் சேர்ந்து ஸ்டிங்ரே பேஸ் செய்தார். பிறகு நண்பர் ஜார்ஜ் ஃபுல்லர்டனோடு சேர்ந்து ஜி அண்ட் எல் ஆரம்பித்தார். ஜார்ஜும் லியோவும், அதுதான் அந்தப் பெயர். பார்க்கின்சன் நோய் வந்த பிறகும் பட்டறைக்குப் போவதை விடவில்லை. 1991 மார்ச் 21-ல் காலமானார். வயது 81.

உருவம் யாருக்குச் சொந்தம்?

ஸ்ட்ராடோகாஸ்டர், டெலிகாஸ்டர், பேஸ் மூன்றின் உடல் உருவத்தையும் தங்கள் வர்த்தக முத்திரையாகப் பதிவு செய்ய ஃபெண்டர் கம்பெனி முயன்றது. 2009-ல் அமெரிக்க வர்த்தக முத்திரைத் தீர்ப்பாயம் மறுத்துவிட்டது. பல கம்பெனிகள் பல வருஷமாகச் செய்து, அது பொதுவான உருவமாகிவிட்டது என்பதே காரணம். ஆனால் கம்பி முறுக்கும் தலைப்பகுதியின் உருவம் மட்டும் இன்றும் ஃபெண்டர் கம்பெனியின் முத்திரை. அதனால் மேடையில் இருப்பது எந்த கம்பெனி கிட்டார் என்று தெரிய வேண்டுமென்றால், கொம்பைப் பார்க்காதீங்க, தலையைப் பாருங்க.